கடைசி ஃபோல்டர்

ஜூன் 3, திங்கள்

காலையில் சிலிண்டர் வந்துவிட்டது. தேதியை இங்கே குறித்து வைக்கிறேன். அடுத்தது எப்போது பதிய வேண்டும் என்று தங்கபுஷ்பம் கேட்கும்போது நான் விழிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். நான் வேலை பார்த்த பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு, தாவரவியல் ஆய்வகத்தின் பழைய படம் ஒன்று கேட்டிருந்தார்கள். அலமாரியிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து லேப்டாப்பில் சொருகினேன். வழக்கமாக ஈ பறப்பது போல ஒரு ரீங்காரம் கேட்கும். இன்று ‘டக்’ என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் ‘டக்’. பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ ஒற்றை விரலால் கதவைத் தட்டுவது போல, அவசரமில்லாத தட்டல்.

மஸ்கட்டிலிருக்கும் மகன் ஆல்ட்ரினுக்குப் போன் செய்தேன்.

“அப்பா, அத மொதல்ல கழட்டுங்க. போற டிஸ்க்கு இப்படித்தான் தட்டும். புதுசு ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் அதுக்கு மாத்திருங்க. கொஞ்ச நேரம் பிரிட்ஜுல வச்சு எடுத்தா ஓடும்னு சிலரு சொல்லுதாங்க.”

தங்கபுஷ்பம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “இட்லி மாவுக்குப் பக்கத்துலயா? நல்லா இருக்கும். வச்சுட்டு, சாயங்காலம் எதுல தோச சுடணும்னும் அவன்ட்டயே கேளுங்க” என்றாள்.

சிரித்தோம். ஆனால் டிஸ்கை உடனே கழற்றிவிட்டேன்.

அந்த டிஸ்க் ஆல்ட்ரின் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்து, வீட்டிலிருந்த எல்லா ஆல்பங்களையும் அதில் ஏற்றினான். அடுத்த வருடம் எங்கள் மகள் பெனிட்டா போய்விட்டாள். மூளைக்காய்ச்சல். பத்தொன்பது வயது. சவப்பெட்டியை மூடும் நேரத்தில் தங்கபுஷ்பம் உள்ளே போய், ஆல்பங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தாள். “ஒத்தையில பயப்படுவா. நம்ம எல்லாரும் கூடப் போகட்டும்” என்றாள். ஒன்றையாவது வைத்துக்கொள்வோம் என்றேன். “அதான் கம்ப்யூட்டர்ல இருக்குல்லா” என்றாள். நெகட்டிவ்கள் ஆல்பங்களின் பின் உறைக்குள் இருந்தன. அவையும் மண்ணுக்குள் போயின.

ஆக, பெனி இப்போது இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறாள். ஃபோல்டர்களுக்கு எண் போட்டவன் நான். அவளுடையது பதினான்கு, கடைசி. பன்னிரண்டு வருடமாக இருவரும் அதைத் திறந்ததில்லை. திறக்கக்கூடாது என்று முடிவு செய்தோம் என்றில்லை. அவளுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதியை இந்த வீட்டில் அப்புறம் வைக்காதது போல, அதுவும் தானாக நின்றுபோனது.

ஜூன் 4, செவ்வாய்

ஷேக் மைதீன் கடைக்குப் போனேன். பிளஸ் டூவில் என் மாணவன். கடுகுச் செடியின் வேரை மேலேயும் பூவைக் கீழேயும் வரைந்து என்னிடம் கொடுத்தவன். இன்று ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான்.

“இப்பமாவது வேரக் கீழ வரையுதியாடே?”

“சார், எனக்கு நாப்பது தாண்டியாச்சு. எம்புள்ளையே காலேஜ் போகுது. நீங்க இத மறக்கவே மாட்டீங்களா?”

டிஸ்கை வாங்கி மாம்பழம் பார்ப்பது போலக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். பிறகு முகம் மாறியது.

“உள்ள ஒரு தட்டு சுத்தும் சார். அதுக்கு மேல ஒரு முனை, படாம நின்னு வாசிக்கணும். இது பட்டுட்டு. ஓட்டுத ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சொரண்டும். எடுக்கப் போற எடத்த மட்டும்னு இல்ல, தட்டு பூரா.”

“பாடம் பண்ணின இலை மாதிரி” என்றேன். “தாளில் ஒட்டிவைத்த காய்ந்த இலை. பார்ப்பதற்காகத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் பொடி உதிரும்.”

“அதேதான் சார். சென்னைக்கு அனுப்பினா தெறந்து எடுத்துப் பாப்பாங்க. ஆனா கெடைக்கும்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க. போற வழியில வேற குலுங்கும்.” கொஞ்சம் தயங்கினான். “பாப்பா படமெல்லாம் இதுலதான இருக்கு? மொதல்ல அத எடுத்துருங்க. மத்தது பொறவு.”

பெனியை அடக்கம் செய்த அன்று மழை. எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் ஷேக்தான். கடைசிவரை அவன் நனைந்துகொண்டே நின்றான்.

சென்னைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் கேட்டேன். “புள்ளையப் பார்சல்ல போடுவீங்களா?” என்றாள் தங்கபுஷ்பம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புது டிஸ்க் வாங்கியாகிவிட்டது. காப்பி எடுக்கத் தொடங்கினேன். ஒன்றாம் ஃபோல்டரிலிருந்துதான். முப்பத்திரண்டு வருடம் வருகைப் பதிவேட்டை முதல் பெயரிலிருந்து வாசித்தவன் நான். நடுவிலிருந்து கூப்பிட்டால் வகுப்பு குழம்பிவிடும். வரிசையில் போனால் நாலைந்து நாளில் பதினான்கு வந்துவிடும். அதற்குள் மனதும் தயாராகும்.

ஜூன் 5, புதன்

ஒன்று முதல் ஐந்து வரை முடிந்தது. ஓய்வூதியத் தாள்கள், வீட்டுப் பத்திரம், என் பணி நிறைவு விழா. மலருக்கான ஆய்வகப் படமும் கிடைத்தது. தேங்காய் வாங்க மறந்து, திரும்பவும் கடைக்குப் போனேன்.

ஜூன் 6, வியாழன்

ஆறாவது ஃபோல்டர் போய்விட்டது. ‘கொடைக்கானல் 1998.’ படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி முயன்றேன். தட்டல் வேகமானதே தவிர, ஒரு படமும் வரவில்லை.

பெனிக்கு அப்போது பத்து வயது. மலைப்பாதை வளைவில் ஆல்ட்ரினின் தொப்பியை வாங்கி அதில் வாந்தி எடுத்துவிட்டு, மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். ஏரிக்கரைக் கடையில் மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்று வாங்கினோம். “வளந்துருவால்லா” என்று தங்கபுஷ்பம் இரண்டு அளவு பெரிதாகப் பார்த்து எடுத்தாள். கை விரல்கள் வெளியே தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினாள். சவாரிக் குதிரைக்கு எங்கள் தலைமையாசிரியரின் பெயரை வைத்தாள். அவரைப் போலவே மூக்கால் பெருமூச்சு விட்டதாம். அந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட, அது திரும்பிப் பார்க்க, அதன் மேலே இருந்த நான் சிரித்துச் சிரித்துச் சரிந்து விழப் பார்த்தேன்.

பரவாயில்லை. படம்தானே போனது. நினைவு பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 8, சனி

ஒரு சின்ன மனத்தாங்கல். சாப்பிடும்போது கொடைக்கானல் படங்கள் போன விஷயத்தைச் சொன்னேன்.

“கொடைக்கானலா? யாரு போனா?” என்றாள் தங்கபுஷ்பம்.

“நாமதான்.”

“நல்லாருக்கே. நம்ம என்னைக்குப் போனோம்? கூட்டிட்டுப் போங்கன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். குற்றாலத்தத் தாண்டி என்னைய எங்க கூட்டிட்டுப் போனீங்க?”

குதிரையைச் சொன்னேன், தொப்பியைச் சொன்னேன். ரசம் ஊற்றியபடி வேறு யார் வீட்டுக் கதையோ கேட்பது போலக் கேட்டாள். ஆல்ட்ரினிடம் போனில் கேட்டால், “நான் கொடைக்கானல் பாத்ததே கல்யாணத்துக்குப் பொறவுதாம்பா. வெயில்ல ரொம்ப அலையாதீங்க” என்கிறான்.

அறுபத்தாறு வயதில் இவளுக்கு மறதி வந்திருக்கலாம். அவனுக்கு என்ன?

ஏழும் எட்டும் பாதிதான் வந்தன.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வழக்கம்போலக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பெனியின் கல்லைத் தங்கபுஷ்பம் முந்தானையால் துடைத்துப் பிச்சிப்பூ வைத்தாள். திரும்பி வரும் வழியில், “அவளுக்கு எத்தன வயசுங்க?” என்று கேட்டாள்.

“பத்தொன்பது.”

“ஆமால்லா” என்றாள்.

ஜூன் 10, திங்கள்

பீரோவை அடுக்கிவைத்தபோது அடித்தட்டில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் இருந்தது. சிறு பிள்ளை அளவு. பாளையங்கோட்டை வெயிலில் ஸ்வெட்டர் போடுகிற பிள்ளை யார்? மஸ்கட்டிலிருந்து வந்தபோது பேரன் விட்டுப் போயிருப்பானோ? அங்கேயும் வெயில்தானே. யாருக்காவது பயன்படும். வேலைக்கு வருகிற அக்காவிடம் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

ஒன்பது போய்விட்டது. பத்து வந்தது. தட்டல் இப்போது அடுக்களை வரை கேட்கிறது.

மதியம் சொதி. இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் முறையாக. இத்தனை வருடத்தில் தங்கபுஷ்பத்தின் கைப்பக்குவம் ஒரு துளி குறையவில்லை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நேற்று தூக்க மாத்திரை போடாமலே தூங்கினாளாம்.

“ஏன் இத்தனை நாளா சொதி வைக்கல?” என்று கேட்டேன்.

கரண்டியோடு நின்று யோசித்தாள். “அதானே. ஏன் வைக்கல?”



ஜூன் 12, புதன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

மலர்க் குழுவினர் போன் செய்து, ஆய்வகப் படத்தை எப்போது அனுப்புவீர்கள் என்றார்கள். என்றைக்கு எடுத்து வைத்தேன் என்று பார்க்க நாட்குறிப்பைப் புரட்டினேன். ஜூன் ஆறாம் தேதிப் பக்கம் கண்ணில் பட்டது.

என் கையெழுத்து. கொடைக்கானல் போனேனாம். குதிரை மேல் ஏறினேனாம். படிக்கப் படிக்க, தேர்வில் ஏதோ ஒரு மாணவன் எழுதிய கட்டுரையைத் திருத்துவது போல இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறான் என்று தோன்றியது. என்ன தேடியும் எனக்குள் ஏரியும் இல்லை, குதிரையும் இல்லை. பிறகு மஞ்சள் ஸ்வெட்டர் என்ற சொல்லைப் படித்தேன். பீரோவுக்கு ஓடினேன்.

இருந்தது. நல்லவேளை, அக்கா இன்னும் எடுத்துப் போகவில்லை. இரண்டு கைகளின் நுனியும் மடித்து மடித்துத் தேய்ந்திருந்தன.

மூன்றாம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். தங்கபுஷ்பம் ஏன் சொதி வைக்கவில்லை என்பதும் அங்கே இருந்தது. அதை எழுதிய நானே நேற்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளில் காய்களைப் போட்டு வைத்திருப்போம். ஈரத்தில் பெயர்ச்சீட்டு உரிந்து விழுந்துவிட்டால், காய் அப்படியே இருக்கும், என்ன காய் என்று சொல்ல ஆள் இருக்காது. இந்த வீடும் அப்படி ஆகிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கில் எது உதிர்கிறதோ அது எங்களுக்குள்ளும் உதிர்கிறது.

நேராக ஷேக் கடைக்குப் போனேன். சொன்னதைப் பொறுமையாகக் கேட்டான்.

“சார், டிஸ்க்கு போனா படம் போகும். மனுசனுக்கு எப்படி சார் போகும்? உக்காருங்க, டீ சொல்லுதேன்.”

“பெனியை அடக்கம் பண்ணின அன்னைக்கு நீ எனக்குக் குடை பிடிச்சியே.”

“பெனியா?”

“என் மகள்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “சாருக்கு ஆல்ட்ரின் மட்டும்தான?” என்றான் மெதுவாக.

பதினான்காம் ஃபோல்டரை நான் இன்னும் தொடவே இல்லை. ஆனால் தட்டு முழுக்கச் சுரண்டும் என்று அவன் அன்றே சொன்னான். ஓய்வூதியத் தாளுக்காகவும் பணி நிறைவு விழாவுக்காகவும் நான் டிஸ்கை ஓட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறாள்.

மெல்ல வாசிக்கிற கருவி ஒன்று இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கே கொண்டு வருவதாகச் சொன்னான். அதுவரை சொருகாதீர்கள் என்றான்.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. தங்கபுஷ்பம் பாடுகிறாள். மாத்திரை இல்லாமல் தூங்குகிறாள். பன்னிரண்டு வருடத்தில் எந்தப் போதகரும் எந்த மருத்துவரும் தராத நிம்மதி. அந்தப் பெட்டியைக் கிணற்றில் போட்டுவிட்டால் என்ன?

ஜூன் 13, வியாழன்

காலையில் காப்பி கொண்டுவரப் போனவள் வரவில்லை. போய்ப் பார்த்தேன். பின்னறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது பெனியின் அறை. இப்போது அரிசி மூட்டையும் தையல் மிஷினும் இருக்கின்றன.

“என்ன செய்யுத?”

“தெரியலங்க. இங்கன எதுக்கு வந்தேன்னு தெரியல.” நெஞ்சைத் தடவினாள். பிறகு வயிற்றை. “எங்கேயோ வலிக்கி. எங்கனன்னு சொல்லத் தெரியல. நேத்து முழுக்க இப்படித்தான். பாட்டுப் பாடுனா கொஞ்சம் மட்டுப்படுது.”

அப்படியானால் அந்தப் பாட்டு சந்தோஷத்தில் வந்தது இல்லை.

உட்கார வைத்துச் சொன்னேன். நமக்கு ஒரு மகள் இருந்தாள், பெனிட்டா என்று பெயர், உனக்கு அவள் மறந்துகொண்டிருக்கிறாள், எனக்கும்தான் என்றேன். நம்பமாட்டாள் என்று நினைத்தேன்.

“அப்ப இந்த வலி அவளுக்கு உள்ளதா?”

“ஆமா.”

“அப்ப எடுத்துக் குடுங்க.”

“எடுத்தால் கூடவே எல்லாம் வரும். காய்ச்சல், பெட்டி, மழை எல்லாம்.”

“வரட்டும். வலிக்கத்தான் செய்யுது. யாருக்குன்னாவது தெரியணும்லா.”

கிணற்று யோசனையை அத்தோடு விட்டேன்.

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். பெனி பென்சிலின் பின்பக்கத்தைக் கடிப்பாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு, ஊஞ்சலில் விழுந்தது. தூக்கம் வந்தால் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பாள், அதனால் என் சட்டைகளில் இரண்டாவது பொத்தான் மட்டும் தொங்கும். பூனைகளிடம் “வாங்க போங்க” என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் ஆங்கிலத்தில் பேசுவாள், அதிலும் கோபம் அதிகமானால் பேசாமல் துணி துவைப்பாள். குரல் கொஞ்சம் கரகரப்பு. கல்லூரிக்குக் கிளம்பும் அன்று வாசலில் நின்று திரும்பிப் பார்த்து அவள் சொன்னது

ஜூன் 14, வெள்ளி

ஷேக் காலையில் வந்தான். தூறல் இருந்தது, வீடு குளிர்ச்சியாக இருந்தது. டிஸ்க் ஓட அது நல்லது என்றான். தங்கபுஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டு, பிரசவ அறைக்கு வெளியே உட்காருவது போல உட்கார்ந்துகொண்டாள்.

நேரே பதினான்காம் ஃபோல்டர். கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. வாசிக்க முடியாதவை சிவப்பாகிக்கொண்டே போயின. ஷேக் அவற்றைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

“பெனி பர்த்டே. போச்சு. பெனி ஞானஸ்நானம். போச்சு. பெனி ஸ்கூல் டிராமா. போச்சு சார்.”

ஒவ்வொரு பெயருக்கும் நான் தலையாட்டினேன். பாதிக்கு மேல் எதற்காகத் தலையாட்டுகிறேன் என்று தெரியவில்லை.

“சார், பெனின்னா யாரு?” என்று கேட்டான் ஷேக்.

தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

கடைசிக்கு முந்தைய ஒன்று பச்சையானது. சின்னக் கோப்பு. அதைப் புது டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே தட்டல் நின்றது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

தங்கபுஷ்பம் எழுந்து எல்லோருக்கும் காப்பி போட்டாள். ஷேக் தன் மகளின் கல்லூரிக் கதைகளைச் சொன்னான். நல்ல பையன்.

ஜூன் 15, சனி

ஆய்வகப் படத்தை மலருக்கு அனுப்பியாயிற்று. செடிகளுக்கு மண் மாற்றினேன். செத்துப்போன டிஸ்க்கை ஏனோ தூக்கிப்போட மனம் வரவில்லை. அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை நன்றாக இருந்தது. முடிந்ததும் கால்கள் தாமாகக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போயின. யாரைப் பார்க்க வந்தோம் என்று இருவரும் விழித்துவிட்டுச் சிரித்துக்கொண்டோம். என் பெற்றோரின் கல்லறைகள் சொந்த ஊரில்.

ஒரு ஆச்சரியம். அங்கே ஒரு கல்லில், ‘பெனிட்டா. ஞானதுரை – தங்கபுஷ்பம் ஆகியோரின் அருமை மகள்’ என்று இருந்தது. இதே ஊரில், இதே சபையில், எங்கள் இருவரின் பெயரையும் கொண்ட இன்னொரு தம்பதி இருந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் ஆசிரியராக இருந்து ஊரையே தெரிந்து வைத்திருக்கிறேன் என்று பெயர், இவர்களைத் தெரியவில்லையே. மேலே வாடிய பிச்சிப்பூ கிடந்தது. போன வாரம் யாரோ வந்திருக்கிறார்கள்.

தங்கபுஷ்பம் முந்தானையால் அந்தக் கல்லைத் துடைத்தாள். “சின்னப் புள்ள. யாரு பெத்ததோ” என்று தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி வைத்தாள். தோளைத் தொட்டு வீட்டுக்கு அழைத்து வர வேண்டியிருந்தது.

ஜூன் 19, புதன்

அடுத்த சிலிண்டருக்கு எப்போது பதியலாம் என்று தங்கபுஷ்பம் கேட்டாள். தேதி பார்க்க நாட்குறிப்பைப் பின்னால் புரட்டினேன். மூன்றாம் தேதியில் சிலிண்டர் இருந்தது. அதற்குக் கீழே மற்றதெல்லாம் இருந்தது.

படித்து முடித்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, முதலிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன். தொப்பியில் வாந்தி எடுத்த இடத்தில் சிரித்தாள். பெட்டிக்குள் ஆல்பங்களை வைத்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவள் சொன்னது” என்று பாதியில் நின்றுபோன வரி வந்ததும், “என்ன சொல்லுச்சாம்?” என்று கேட்டாள்.

“எழுதலை.”

“பாவம். யாரு புள்ள?”

“நம்ம பிள்ளையாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எழுதியிருப்பது பொய் இல்லை என்று இருவருக்கும் தெரிகிறது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மஞ்சள் ஸ்வெட்டர் கொடியில் காய்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது. எல்லாச் சான்றும் இருக்கிறது, பிள்ளையைத்தான் காணோம். ஊர் பெயரும் எல்லைக்கோடும் போட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருநாளும் போகாத ஊரைப் பற்றிப் பாடம் நடத்துவது போல.

“அடுப்புல பால் இருக்கு” என்று எழுந்து போனாள்.

நகல் எடுத்தால் திறந்து சரிபார்க்க வேண்டும். புது டிஸ்கை லேப்டாப்பில் சொருகினேன். சத்தமே இல்லை. பதினான்காம் ஃபோல்டருக்குள் ஒரே ஒரு கோப்பு. வீடியோ. பெயர் இல்லை, கேமரா தானாகப் போட்ட எண்தான்.

ஓட்டினேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டு. கொய்யா மரம் சின்னதாக இருக்கிறது. படத்தின் ஒரு மூலையை யாருடைய விரலோ மறைத்திருக்கிறது. தூரத்தில் நான், தலைமுடி இன்னும் கறுப்பாக, முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். படம் எடுக்கிறவளின் முகம் எங்கும் இல்லை. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேமராவுக்கு மிக அருகில் கேட்கிறது. பிறகு ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“எம்மா, இங்க வாயேன். அப்பாவ இந்தப் பக்கம் பாக்கச் சொல்லு. முதுகுதான் தெரியுது.”

நான் திரும்புவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

அடுக்களையிலிருந்து, பாலை இறக்கி வைக்கிற சத்தத்தோடு, “இருடி, வாரேன்” என்றாள் தங்கபுஷ்பம்.

ஈரக் கையோடு ஓடி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொன்னோம், யாருக்குச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. “நான் யாரங்க கூப்பிட்டேன்?” என்றாள்.

நானும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நாற்காலியில் முழுதாகத் திரும்பி, பின்கட்டுக் கதவைப் பார்த்தபடி, படம் எடுக்க முகம் கொடுக்கிறவனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.